ஃபிரிட்ஜ் கதவில் ஒரு செக் ஷீட்

ஜீவானந்தம் பொய் சொல்லத் தெரியாதவன் என்று ஊரில் பெயர் எடுத்தவன். வாயால் சொன்னதில்லை என்பது உண்மைதான். பேனாவால் சொன்னவற்றை எண்ணி மாளாது. ஆனால் அவற்றைப் பொய் என்று அவனும் நினைக்கவில்லை, அவனோடு வேலை செய்த யாரும் நினைக்கவில்லை.

வல்லம் வடகால் தொழிற்பேட்டையில், காருக்குக் கதவுப் பூட்டு செய்யும் கம்பெனி ஒன்றில் அவன் குவாலிட்டி சூப்பர்வைசர். பதினான்கு வருட சர்வீஸ். பூட்டில் திருகு முடுக்கும் டார்க் கன் சரியான அழுத்தத்தில் முடுக்குகிறதா என்று இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை சோதித்து, செக் ஷீட்டில் டிக் போட வேண்டும் என்பது சட்டம். லைன் ஓடிக்கொண்டிருக்கும்போது அதற்கு யாருக்கு நேரம்? ஷிஃப்ட் முடிகிற சமயத்தில் யாராவது ஒருவன் ஸ்டூலில் உட்கார்ந்து நாலு கட்டத்துக்கும் சேர்த்துப் போட்டுவிடுவான். துப்பாக்கி என்னவோ ஒழுங்காகத்தான் முடுக்கிக்கொண்டிருந்தது. அதனால் யாருக்கும் உறுத்தவில்லை.

வெளியிலிருந்து தரம் சோதிக்க ஆடிட் வருகிறது என்றால்தான் தலைவலி. போன வருடம் மூன்று மாத ஷீட் மொத்தமாகக் காணாமல் போயிருந்தது. வெற்றுத் தாள்களைப் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்து வந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், டிவி பாட்டுக்கு ஓட, அவனும் மனைவி அம்சவல்லியும் தரையில் உட்கார்ந்து தொண்ணூறு நாளையும் நிரப்பினார்கள்.

"எல்லாத்தையும் ஒரே பேனால போட்டினா மாட்டிக்குவோம் அம்சா. ஒண்ணு நீலம், ஒண்ணு கறுப்பு. நடுவுல ஒரு டிக்கு கொஞ்சம் கோணலா வுடு. அப்பதான் நெஜமா இருக்கும்" என்று சொல்லிக்கொடுத்தான்.

அம்சவல்லிக்குப் படிந்த கை. அவனைவிட நிஜமாகப் போட்டாள். ஆடிட் சுத்தமாக முடிந்தது. அதே வித்தையை லைனில் இருந்த பையன்களுக்கும் சொல்லிக்கொடுத்தான். அன்றைக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் எங்கே போய் நிற்கும் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

அவர்களுக்கு ஒரே பெண், சுபஸ்ரீ. பதினொன்று நடக்கிறது. நாலு வயதில் அவள் வாய்க்குள் வெள்ளை படர்ந்தது. மருந்து தடவினால் போகும், நிறுத்தினால் வரும். ஏழு வயதில் பள்ளிக்கூட வரிசையில் நின்றவளுக்குக் கைவிரல்கள் மடங்கி இழுத்துக்கொண்டன. ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து அடியோடு இறங்கியிருக்கிறது என்றார்கள். ஒன்பது வயதில் ஆள் இளைத்தாள், கறுத்தாள், சமையலறையில் கல்லுப்பு டப்பாவைத் திறந்து கல்கண்டு மாதிரி வாயில் போட்டுச் சப்பினாள். வெயிலில் ஆடுகிறாள், அதுதான் கறுப்பு என்று வீட்டில் சமாதானம் சொல்லிக்கொண்டார்கள். உப்புத் திருடியதற்கு இரண்டு அடிகூட விழுந்தது. பிறகு ஒரு சாதாரணக் காய்ச்சலில் அவள் கண் சொருகி விழுந்தபோதுதான், மூன்று நோய்க்கு மூன்று டாக்டர் என்று அலைந்ததெல்லாம் ஒரே நோய்க்கான அலைச்சல் என்று தெரிந்தது. கண்டுபிடித்தவர் சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் மதிவதனி.

மரபணுச் சோதனை முடிவு வந்த நாளில் அவர் இருவரையும் உட்கார வைத்து, பேப்பர், பேனா எடுத்துக்கொண்டார்.

"நெஞ்செலும்புக்குப் பின்னாடி தைமஸ்னு ஒரு சின்னச் சுரப்பி இருக்கு. கிருமியோட சண்டை போடற செல்கள்ல ஒரு வகை அங்கதான் வளர்ந்து வெளிய வரும். வெளிய விடறதுக்கு முன்னாடி ஒரு பரீட்சை. உடம்போட சொந்தப் பொருளைக் காட்டுவாங்க. அதைப் பார்த்து எந்த செல் பாயுதோ, அதை அங்கேயே தீர்த்துக் கட்டிடுவாங்க. பாயாததுதான் வெளிய வரலாம்."

"சொந்தப் பொருள்னா, மேடம்?"

"கல்லீரல், கணையம், சிறுநீரகத்துக்கு மேல உட்கார்ந்திருக்கிற அட்ரீனல் சுரப்பி, எல்லாம்தான். ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் முழுப் புத்தகமும் இருக்கு. ஆனா கல்லீரல் அதோட பக்கத்தை மட்டும்தான் திறந்து படிக்கும். தைமஸ்ல இருக்கிற சில செல்கள் மட்டும் எல்லாப் பக்கத்தையும் கொஞ்சம் கொஞ்சம் திறந்து காட்டும். அப்படித் திறக்க வைக்கிறது ஒரு ஜீன். ஏ, ஐ, ஆர், ஈ. நாலே எழுத்துப் பேர். உங்க பொண்ணுக்கு அது வேலை செய்யல. அதனால அட்ரீனலைப் பார்த்தே பழகாத செல்லெல்லாம் பாஸ் ஆகி வெளிய வந்துடுச்சு. வெளிய வந்து அதைப் பார்த்ததும், இது யாரோன்னு அடிக்குது."

ஜீவானந்தம் நிமிர்ந்து உட்கார்ந்தான். கம்பெனியில் மாஸ்டர் சாம்பிள் அலமாரி ஒன்று உண்டு. எந்தெந்தப் பூட்டு நல்லது என்று புதிதாக வரும் இன்ஸ்பெக்டர்கள் அதைப் பார்த்துத்தான் பழகுவார்கள். ஒரு முறை பின்பக்க இடது கதவுப் பூட்டின் சாம்பிளை யாரோ எடுத்துப் போய்த் திருப்பி வைக்கவில்லை. அந்த வாரம் புதுப் பையன்கள் நானூறு நல்ல பூட்டுகளைக் கழித்துப்போடும் சிவப்புத் தொட்டியில் எறிந்தார்கள். அவர்கள் கண்ணில் குறையில்லை, அலமாரியில்தான் குறை. இதுவும் அதுதானே என்று அவனுக்குப் பளிச்சென்று புரிந்தது. மகளுக்குத் தீராத நோய் என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே, புரிந்துவிட்டதில் ஒரு சின்னச் சந்தோஷமும் வந்தது. மனுஷ மனம் அப்படித்தான், அதற்கு வெட்கம் கிடையாது.

அம்சவல்லி அலமாரிப் பக்கமெல்லாம் போகவில்லை. "வேலியே பயிர மேயுதுன்னு சொல்லுங்க டாக்டர்" என்றாள். "வேலிய மாத்த முடியாதா?"

"இப்போதைக்கு வழியில்லம்மா. மேஞ்ச இடத்துல நாமதான் விடாம நட்டுக்கிட்டே இருக்கணும். அட்ரீனல் சுரக்காததாலதான் உடம்புல உப்பு தங்கல, அவ உப்பைத் தேடித் தேடித் தின்னா. அது சுரக்க வேண்டியதை மாத்திரையா தர்றோம். இது ஒரு வகை ஸ்டீராய்டு. ஆனா உடம்புல இயல்பா இருக்கிற அளவுதான், கூட ஒரு துளி இல்ல. ஒரு வேளையும் விடக்கூடாது. காய்ச்சல் வந்தா மூணு மடங்கு. வாந்தி எடுத்தா மாத்திரை தங்காது, உடனே தொடையில ஊசி. ஊசி போட்டுட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிடணும். விட்டுட்டா ரத்த அழுத்தம் இறங்கி, உயிருக்கே ஆபத்து."

கோளாறு எப்படி வந்தது என்றும் படம் போட்டுக் காட்டினார். அந்த ஜீன் அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதி வரும். ஒன்று பழுதானாலும் மற்றது சமாளிக்கும். சுபஸ்ரீக்கு இரண்டிலும் ஒரே இடத்தில் ஒரே பழுது. அம்சவல்லி, ஜீவானந்தத்தின் அக்கா மகள். சொந்தம் விட்டுப் போகக் கூடாது என்று கட்டிவைத்த கல்யாணத்தில், பழுதும் விட்டுப் போகாமல் இரு வழியாக வந்து சேர்ந்திருந்தது. யார் குற்றமும் இல்லை என்று டாக்டர் மூன்று முறை சொன்னார். பாதி வார்த்தைகள் புரியாத அம்சவல்லிக்கு அந்த மூன்று முறை மட்டும் நன்றாகக் காதில் விழுந்தது. குற்றம் இல்லாவிட்டால் எதற்கு மூன்று முறை சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போது கேட்டாள்.

அன்று சாயந்திரமே ஜீவானந்தம் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு ஒரு செக் ஷீட் தயாரித்தான். காலை ஆறு, மத்தியானம் ஒன்று, மாலை ஆறு. ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்தால் ஒட்டி, பக்கத்தில் நூல் கட்டி ஒரு நீலப் பேனாவைத் தொங்கவிட்டான். ஊசி மருந்தை ஒரு பவுடர் டப்பாவில் வைத்து, காலாவதித் தேதியை மூடியில் எழுதினான். சாத்துக்குடியில் குத்திக் குத்தி ஊசி போடவும் பழகிக்கொண்டான். அதன் பிறகு வேலையிலிருந்து வந்ததும் முதலில் ஃபிரிட்ஜைப் பார்ப்பான், அப்புறம்தான் மகளை. மூன்று டிக்கும் இருந்தால் அவனுக்கு அன்றைய நாள் ஓகே. இரண்டு வருடம் அப்படியே ஓடியது. சுபஸ்ரீ நிறம் திரும்பினாள், எடை போட்டாள், உப்பு டப்பாவை மறந்தாள்.

பங்குனி வெயிலில் அவள் வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு அம்மை போட்டது. ஒரு திங்கட்கிழமை மாலை சுபஸ்ரீயின் நெற்றியில் இரண்டு முத்து தெரிந்தது. ராத்திரிக்குள் முதுகெல்லாம் வந்துவிட்டது. அம்சவல்லி வாசலில் வேப்பிலைக் கொத்து செருகினாள். அடுப்பில் தாளிப்பை நிறுத்தினாள், மகளை ‘தாயே’ என்று கூப்பிட ஆரம்பித்தாள். அம்மை போட்ட உடம்பு அம்மனின் உடம்பு என்பது அந்தத் தெருவில் யாரும் கேள்வி கேட்காத சங்கதி. அம்மன் இறங்கும்வரை அந்த உடம்புக்கு மருந்து, மாத்திரை எதுவும் கூடாது என்பதும் அப்படியே.

ஜீவானந்தம் டாக்டருக்கு போன் செய்தான்.

"நாளைக்கே கூட்டிட்டு வந்துடுங்க" என்றார் மதிவதனி. "இந்த நோய் இருக்கிற பிள்ளைங்களுக்கு அம்மை கடுமையா வரலாம். அம்மைக்கான மாத்திரை எழுதி அனுப்பறேன். ஸ்டீராய்டு இன்னைக்கே மூணு மடங்கு."

"மேடம், புதன், வியாழன் ரெண்டு நாளும் எங்க கம்பெனில ஆடிட். நாளைக்கு அதுக்கு ரெடி பண்ணணும். வியாழக்கிழமை சாய்ந்தரம் நேரா கூட்டினு வந்துடறேன். மாத்திரை ஒரு வேள தப்பாது. நான் செக் ஷீட் வச்சிருக்கேன் மேடம்."

"நாள் கடத்தாதீங்க. வாந்தி எடுத்தா ஒரு நிமிஷம்கூட காத்திருக்காதீங்க" என்று சொல்லிப் போனை வைத்தார் மதிவதனி.

தலைக்குத் தண்ணீர் ஊற்றுவதற்கு முன் அம்மை வீட்டிலிருந்து பிள்ளையை வெளியே எடுக்கக் கூடாது என்று அம்சவல்லியும் சொல்லியிருந்தாள். இரண்டும் சேர்ந்து அவனுக்கு வசதியாகப் போயிற்று.

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணி மாத்திரையை அம்சவல்லி கொடுத்தாள். பத்து மணிக்கு, சுண்ணாம்புச் சத்துக்காக மகள் சாப்பிடும் கால்சியம் மாத்திரை வாங்க மருந்துக் கடைக்குப் போனாள். கடைக்காரர் அவள் மஞ்சள் கையைப் பார்த்து, யாருக்கு அம்மை, என்னென்ன மாத்திரை என்று விசாரித்தார். "அம்ம போட்ட கொழந்தைக்கா ஸ்டீராய்டு குடுக்கிறீங்க? எதிர்ப்பு சக்தி மொத்தமா போயிடும்மா. அம்ம உள்ள எறங்கிடும்" என்றார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. ஆஸ்துமாவுக்கும் மூட்டு வலிக்கும் அதே மருந்தைக் கூடுதலாக விழுங்குகிறவர்களுக்கு அந்த எச்சரிக்கை சரிதான். சுபஸ்ரீக்கு அது கூடுதல் இல்லை, இல்லாததை ஈடுகட்டுவது என்ற ஒரு வித்தியாசம் அவருக்குத் தெரியாது. அம்மனும் கூடாது என்கிறாள், கடைக்காரரும் கூடாது என்கிறார். அம்சவல்லிக்கு வேறு என்ன சாட்சி வேண்டும்?

புதன்கிழமை ஆடிட்டின் முதல் நாள். ஜீவானந்தம் வீடு திரும்பும்போது மணி ஏழு. ஃபிரிட்ஜைப் பார்த்தான். ஆறு மணிக் கட்டம்வரை டிக் இருந்தது. கை கால் கழுவிக்கொண்டு, வேப்பிலைப் பாயில் படுத்திருந்த மகளிடம் போய் உட்கார்ந்தான்.

"ப்பா, ஒரே ஒரு கல்லுப்பு குடுப்பா" என்றாள் சுபஸ்ரீ. குரல் ரொம்பக் கீழே இருந்தது.

"அம்மா வந்துகிறப்போ உப்பு கேக்கலாமா? தண்ணி ஊத்தனப்புறம் பிரியாணியே வாங்கித் தர்றேன்" என்று சிரித்தான்.

அவள் திரும்பிப் படுத்துக்கொண்டாள். இரண்டு வருடமாகக் கேட்காத உப்பை இன்றைக்கு ஏன் கேட்கிறாள் என்று அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. தாளில் டிக் இருந்தது.

வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு ஆடிட்டர் நரசிம்மன் அவனுடைய லைனுக்கு வந்தார். அறுபதைத் தொடும் மனிதர். கம்பெனி கொடுக்கும் காபி, முந்திரி எதையும் தொடமாட்டார். தோளில் மாட்டிய பையில் சொந்த ஃப்ளாஸ்க்கில் மோர் கொண்டுவருவார். கையோடு செக் ஷீட் கட்டை வாங்கி ஒவ்வொன்றாகத் திருப்பினார். மேனேஜர் வேல்ராஜ் பின்னால் கை கட்டி நின்றார்.

"அழகா இருக்கு" என்றார் நரசிம்மன். "மிஸ்டர் ஜீவானந்தம், உங்க லைன்ல எத்தனை பேனா இருக்கு?"

"சார்?"

"ஸ்டாண்டுல ஒரு நீலப் பேனா சங்கிலி போட்டுத் தொங்குது. இதுல பாருங்க. நீலம், கறுப்பு, நீலம், கறுப்பு. ஒரு மாசமும் தவறாம மாறி மாறி வருது. மூணு டிக்குக்கு ஒண்ணு கோணல். நிஜமா டிக் போடறவன் இவ்வளவு யோசிக்க மாட்டான் சார். கைக்குக் கிடைச்ச பேனால கிறுக்கிட்டு வேலையப் பார்க்கப் போவான். இது ஒரே இடத்துல உட்கார்ந்து போட்டது."

வேல்ராஜின் முகம் சுண்டிப் போனது. ஜீவானந்தம் தாளைப் பார்த்துக்கொண்டே நின்றான். அவமானம் வர வேண்டிய இடத்தில் வேறொன்று வந்தது. நீலம், கறுப்பு, நீலம், கறுப்பு. இந்த வரிசையை அவன் இன்று காலை ஐந்தேகாலுக்குப் பார்த்திருந்தான். தண்ணீர் பாட்டில் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தபோது பார்த்தான். ஃபிரிட்ஜில் கட்டியிருந்தது நீலப் பேனா ஒன்றுதான். அந்த நேரத்திலேயே ஆறு மணிக் கட்டத்தில் கறுப்பு டிக் இருந்தது. மாலை ஆறு மணிக் கட்டத்திலும் இருந்தது. இன்றைய மாலை இன்னும் வரவே இல்லை.

ஆடிட்டர் முன்னாலேயே போனை எடுத்தான். நான்காவது முறை அம்சவல்லி எடுத்தாள்.

"பாப்பா இன்னா பண்றா?"

"தூங்கினு கீறா மாமா. காலைல ரெண்டு தபா வாந்தி எடுத்தா. அம்மா எறங்கறதுக்கு முன்ன அப்டிதான் இருக்கும்னு எதுத்த வூட்டு அக்கா சொன்னாங்க."

"மாத்திர குடுத்தியா?"

அம்சவல்லி போனை வைத்துவிட்டாள்.

"சார், என் பொண்ணு..." என்றான் ஜீவானந்தம். பைக் சாவியை எடுத்தான். மாட்டிக்கொண்டவன் நழுவப் பார்க்கிறான் என்ற நினைப்பு வேல்ராஜின் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

நரசிம்மன் செக் ஷீட் கட்டை மூடினார். "போங்க" என்றார். "தாள் எங்கயும் ஓடிடாது."

பைக்கில் பன்னிரண்டு நிமிடம். வழியிலேயே நாகப்பனுக்கு போன் போட்டான். அடுத்த தெருக்காரர், கம்பெனிக்கு ஷிஃப்ட் வேன் ஓட்டுகிறவர். அம்மை வீட்டுக்கு யாரும் வரமாட்டார்கள் என்று தெரியும், ஆனாலும் கேட்டான். "வாசல்ல நிக்கறேன் வா" என்று ஒரே வார்த்தையில் வைத்துவிட்டார் நாகப்பன்.

வேப்பிலையை விலக்கிக்கொண்டு உள்ளே போனான். சுபஸ்ரீயின் முகம் சாம்பல் பூத்திருந்தது. உதடு காய்ந்து, நெற்றி குளிர்ந்த வேர்வையில் நனைந்து கிடந்தது. விரல்கள் உள்பக்கமாக மடங்கியிருந்தன. கூப்பிட்டால் இமை அசைந்தது, அவ்வளவுதான்.

"மாமா, ஷூவ கழட்டு, அம்மா கீறா" என்றாள் அம்சவல்லி, பழக்கத்தில்.

அவன் சேஃப்டி ஷூவோடு பாயில் மண்டியிட்டான். பவுடர் டப்பாவைத் திறந்து, மருந்துப் பொடியில் தண்ணீரைச் செலுத்திக் குலுக்கினான். சாத்துக்குடியில் நூறு முறை செய்தது.

"கால புடி."

"மாமா, முத்து மேல குத்தக்..."

"அம்சா. செத்துருவா. கால புடி."

அவள் பிடித்தாள். இரண்டு முத்துக்கு நடுவில் இடம் பார்த்துக் குத்தினான். சுபஸ்ரீ முனகினாள். அந்த முனகல் அவனுக்கு உலகத்திலேயே நல்ல சத்தமாகக் கேட்டது.

"எப்பலேருந்து குடுக்கல?"

"செவ்வாகெழம மத்தியானத்துலேருந்து." அவள் சுவரோடு சாய்ந்துவிட்டாள். "நான் கொல்லவா பார்த்தேன் மாமா? அம்மா வந்துகிறா. கடைக்காரரும் அதையேதான் சொன்னாரு. உன்கிட்ட சொன்னா கத்துவ. நீ வந்ததும் தாளத்தானே பாப்ப, அதான் தாளுக்குக் குடுத்தேன். நீ சொல்லிக்குடுத்த மாதிரியே..."

அவள் முடிக்கவில்லை. முடிக்க வேண்டிய தேவையும் இல்லை. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். அவன் புளுகு ஒரு வருடம் தாக்குப்பிடித்து, கடைசியில் அவன் வீட்டுப் பாயிலேயே வந்து படுத்திருந்தது.

நாகப்பன் வேன் கதவைத் திறந்துவைத்து, செருப்பைக் கழற்றிவிட்டுத் தார் ரோட்டில் வெறுங்காலோடு நின்றிருந்தார். மகளைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது ஜீவானந்தத்தின் கை, பழக்கதோஷத்தில், ஃபிரிட்ஜ் கதவிலிருந்து அந்தத் தாளையும் உருவிக்கொண்டது. அம்சவல்லி ஒரு கொத்து வேப்பிலையை மடியில் கட்டிக்கொண்டாள். வேன் தண்டலம் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் பறந்தது.

அவசரப் பிரிவில் இளவயது டாக்டர் ஒருவர் ஒரு கையால் நாடி பார்த்துக்கொண்டே கேட்டார். "ஸ்டீராய்டுல இருக்கிற பொண்ணா? ஊசிக்கு முன்னாடி கடைசி டோஸ் எப்போ?"

ஜீவானந்தம் வாயைத் திறப்பதற்குள் அவர் அவன் கையில் இருந்த தாளைப் பார்த்துவிட்டார். வாங்கிப் படித்தார். "காலைல ஆறு மணிக்குக் கொடுத்திருக்கீங்களே? அப்புறம் ஏன் பிரஷர் இவ்வளவு..."

"அது பொய்யி டாக்டர்" என்றாள் அம்சவல்லி. வராண்டாவில் நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்க்கும்படி உரக்கச் சொன்னாள். "நான் போட்ட பொய்யி. செவ்வாகெழம காலைல ஆறு மணிக்குக் குடுத்ததுதான் கடைசி. கால்சியமும் குடுக்கல, அம்ம மாத்திரையும் குடுக்கல. ஒண்ணியும் குடுக்கல."

டாக்டர் அவளை ஒரு வினாடி பார்த்தார். திட்டவில்லை. நர்ஸிடம் திரும்பி வேகமாக ஏதேதோ சொல்ல ஆரம்பித்தார். இரண்டு கையிலும் டிரிப் ஏறியது. தனி அறைக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் மதிவதனியோடு போனில் பேசினார்கள். சாயந்திரம் நாலு மணிக்கு அந்த இளம் டாக்டர் வெளியே வந்து, பிரஷர் ஏறுகிறது என்றார். இன்னும் ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் தன்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்பதையும் அதே குரலில் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் அக்கா மீனம்மாளிடமிருந்து போன் வந்தது. ஜீவானந்தத்துக்கு அக்கா, அம்சவல்லிக்குப் பெற்ற தாய். விஷயம் அதற்குள் ஊருக்கே தெரிந்திருந்தது. "பெத்த புள்ளைக்கு மருந்து குடுக்காம நாடகம் ஆடினாளாமே. எவ வயித்துலதான் பொறந்தாளோ" என்று தன் வயிற்றையே மறந்து திட்டிக்கொண்டிருந்தாள். அவன் மனசுக்குள்ளும் அதே மாதிரி நாலு வார்த்தை நேற்றிலிருந்து தயாராக நின்றிருந்தது. எதிர் பெஞ்சில் அம்சவல்லி வாடிப்போன வேப்பிலையைக் கையில் வைத்துக்கொண்டு குனிந்திருந்தாள். தன் ஆளையே வேற்றாளாக நினைத்து அடிக்கிற நோய் வீட்டில் ஒருத்திக்கு இருந்தால் போதும் என்று அவனுக்குத் தோன்றியது.

"நான்தாங்க்கா சொல்லிக்குடுத்தேன்" என்றான் போனில். "அவள ஒண்ணியும் சொல்லாத."

கம்பெனியிலிருந்து வேல்ராஜ் வாட்ஸ்அப்பில் ஒரு படிவம் அனுப்பியிருந்தார். தப்பு நடந்தால் ஐந்து முறை ‘ஏன்’ கேட்டு வேரைக் கண்டுபிடிக்கும் படிவம். மாலைக்குள் நிரப்பி அனுப்ப வேண்டும். இதைச் சாமர்த்தியமாக நிரப்புவதில் ஜீவானந்தம் கெட்டிக்காரன். ஆள் பற்றாக்குறை, பயிற்சிக் குறைவு என்று நாலாவது ‘ஏன்’னில் கொண்டுபோய் அழகாக முடித்துவிடுவான். ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்து முதல் கட்டத்தில், ‘சோதிக்காமல் டிக் போட்டோம்’ என்று எழுதினான். ஏன்? ‘நான் போடச் சொன்னேன்.’ ஏன்? அந்தக் கட்டத்தில் வெகு நேரம் விரல் நின்றது. ‘தாள் சரியாக இருந்தால் எனக்குப் போதும் என்று எல்லோருக்கும் தெரியும்’ என்று எழுதினான். மீதி இரண்டு கட்டத்தை வெறுமையாகவே விட்டு அனுப்பினான். வேலை இருக்குமோ போகுமோ என்று அந்த நேரத்தில் அவன் யோசிக்கவில்லை.

ஃபிரிட்ஜ் தாள் அம்சவல்லியிடம் இருந்தது. நர்ஸிடம் பேனா கேட்டு வாங்கி, செவ்வாய் மத்தியானத்திலிருந்து வியாழன் மாலைவரை ஒவ்வொரு டிக்கின் மேலும் ஒற்றைக் கோடு கிழித்து, பக்கத்தில் ‘குடுக்கல’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். தப்பைத் திருத்தும்போது அழிக்கக் கூடாது, கோடு போட்டுக் கையெழுத்திட வேண்டும் என்பதும் அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் சொல்லிக்கொடுத்ததுதான். எட்டு கையெழுத்து. எட்டும் ஒரே பேனாவில்.

சனிக்கிழமை காலை சுபஸ்ரீ எழுந்து உட்கார்ந்தாள். முத்துகள் உதிர ஆரம்பித்திருந்தன. முகத்தில் சாம்பல் போய்ப் பழைய நிறம் வந்திருந்தது. புதன்கிழமை ராத்திரி அவள் கேட்டதும், தான் சிரித்ததும் மூன்று நாளாக ஜீவானந்தத்தை உறுத்திக்கொண்டிருந்தன. கேன்டீனுக்குப் போய்ச் சமையல்காரரிடம் கேட்டு, நாலு கல்லுப்பைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு வந்தான். டாக்டர் பார்த்துவிடப் போகிறாரோ என்று கதவைப் பார்த்துக்கொண்டே மகளின் உள்ளங்கையில் வைத்தான்.

"இந்தாடா. அன்னிக்குக் கேட்டியே."

சுபஸ்ரீ ஒரு கல்லை எடுத்து நாக்கில் வைத்தாள். அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். மூக்கு சுருங்கியது, கண் இடுங்கியது, அடுத்த நொடியே அவன் சட்டை மேலேயே துப்பினாள்.

"ஐய, கரிக்குதுப்பா!"

ஜீவானந்தம் அழுதான். வராண்டாவில் இருந்த அம்சவல்லி பதறி ஓடி வந்தாள். "இன்னா மாமா, இன்னா ஆச்சு?"

"கரிக்குதாம் அம்சா" என்றான் அவன், சட்டையைக்கூடத் துடைத்துக்கொள்ளாமல். "பாப்பாவுக்கு உப்பு கரிக்குதாம்."